சீன மூலிகை ஊசி உயிரைக் காக்குமா? கணக்கைப் பார்த்துச் சொல்லுவோம்



சில மாதங்களுக்கு முன்னால் நம் கூட்டமைப்பில் உள்ள ஒரு குழுவின் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சந்தா வசூல் முடிந்து, கடன் விண்ணப்பங்களைப் பேசும் நேரம். ஒரு உறுப்பினர் எட்டாயிரம் ரூபாய் அவசரக் கடன் கேட்டார். அவர் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி. காலில் முள் குத்திப் புண்ணாகி, பாதம் வீங்கிக் கிடக்கிறார். "ஆஸ்பத்திரிக்குத்தானே?" என்று ஊக்குநர் கேட்டார்.

"இல்லக்கா. மூலிகை மாத்திரை விக்கிறவரு ஒருத்தர் வந்தாரு. சீனாவுல ரத்தத்துல ஏறுன விஷத்தையே மூலிகையால முறிக்கிறாங்களாம். பெரிய டாக்டருங்க ஆராய்ச்சி பண்ணி நிரூபிச்சிட்டாங்களாம். ரெண்டு மாச மாத்திரை எட்டாயிரமாம்."

கூட்டத்தில் பாதிப்பேர் "சும்மா ஏமாத்து வேலை" என்றார்கள். மீதிப்பேர் "மூலிகைதானே, கெடுதல் ஒண்ணும் பண்ணாதே" என்றார்கள். இரண்டு பேச்சும் முழுசாகச் சரியில்லை. சீனாவில் அப்படி ஒரு மருந்து உண்மையிலேயே இருக்கிறது. அதைப் பற்றிப் பெரிய ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. ஆனால் அந்த மருந்து வேறு, மாத்திரைக்காரர் பையில் இருந்தது வேறு. அதை விவரமாகத் தெரிந்துகொள்வோம்.

ரத்தத்தில் விஷம் ஏறுவது என்றால் என்ன?

புண், நிமோனியா, சிறுநீரில் கிருமி, பிரசவத்துக்குப் பின் கருப்பையில் கிருமி என்று எங்கோ ஓரிடத்தில் தொற்று தொடங்குகிறது. நம் உடம்பு அதை எதிர்த்துச் சண்டை போடுகிறது. சில பேருக்கு அந்தச் சண்டை கைமீறிப் போகிறது. கிருமியை அடிக்கப் போன உடம்பு தன் வீட்டையே கொளுத்திக்கொள்கிற மாதிரி. ரத்தக் குழாய்கள் தளர்ந்து ரத்த அழுத்தம் இறங்குகிறது. சின்னச் சின்ன நாளங்களில் ரத்தம் உறைகிறது. சிறுநீரகம், நுரையீரல், மூளை ஒவ்வொன்றாகச் சோர்கின்றன. இதைத்தான் மருத்துவர்கள் 'செப்சிஸ்' என்கிறார்கள். அந்தக் காலத்தில் காய்ச்சலில் பிதற்றுபவரைப் பார்த்து "ஜன்னி கண்டுடுச்சு" என்று சொன்னார்களே, அவற்றில் சில இதுவாகத்தான் இருந்திருக்கும்.

இது அபூர்வமான நோய் இல்லை. 2017-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 4 கோடியே 90 லட்சம் பேருக்குச் செப்சிஸ் வந்தது என்றும், சுமார் 1 கோடியே 10 லட்சம் பேர் இறந்தார்கள் என்றும் 2020-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அந்த ஆண்டு உலகில் நடந்த ஐந்து சாவில் ஒன்று இதோடு சேர்ந்தது.

கிருமியைக் கொல்ல ஆன்டிபயாடிக் இருக்கிறது. ஆனால் உடம்பே தன்னை அழித்துக்கொள்வதை நிறுத்த ஒரு மருந்து வேண்டுமே! அதைத்தான் உலக மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகத் தேடுகிறார்கள்.

ஐந்து மூலிகை, ஒரு ஊசி

அந்த மருந்தின் பெயர் சுயேபிஜிங். 'ரத்தம் நிச்சயம் தூய்மையாகும்' என்பது போலப் பொருள் வரும் சீனப் பெயர். 1830-ல் வாங் சிங்ரென் என்ற சீன வைத்தியர் ஒரு நூலில் எழுதிவைத்த பழைய கஷாய முறைதான் இதற்கு அடிப்படை. தேங்கிப்போன ரத்தத்தை ஓடவைத்தால் நோய் தீரும் என்பது அவர் கருத்து. 1970-களில் தியான்ஜின் நகரத்து மருத்துவர் வாங் ஜிந்தா அந்த முறையை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து நரம்பில் ஏற்றும் ஊசி மருந்தை உருவாக்கும் வேலையைத் தொடங்கினார். 2004-ல் சீன அரசு அதற்கு அனுமதி தந்தது.

அதில் ஐந்து மூலிகைகளின் சாறு இருக்கிறது. ஒன்று, நம் நாட்டிலும் எண்ணெய் வித்தாகப் பயிரிடும் குசும்பாவின் பூ. மற்ற நான்கும் சீனாவில் விளையும் செடிகளின் வேர், கிழங்கு வகைகள். தொழிற்சாலையில் அளவு பார்த்து, சுத்தம் செய்து, பாட்டிலில் அடைத்து வருகிறது. நோயாளிக்கு 100 மில்லி வீதம் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை டிரிப்ஸ் போல ஏற்றுகிறார்கள். வீட்டில் அரைத்துக் குடிக்கிற மருந்தில்லை. வாயில் போடும் மாத்திரையும் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதைத் தனியாகக் கொடுப்பதில்லை. ஆன்டிபயாடிக், சலைன், ஆக்சிஜன் எல்லாம் கொடுத்துக்கொண்டே, அதன் கூட சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள்.

"என் மாமியாருக்குச் சரியாப்போச்சு" என்பது ஏன் சாட்சி ஆகாது?

ஒருவருக்குக் காய்ச்சல். ஒரு மூலிகை கொடுத்தோம். நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்தார். மூலிகையால் எழுந்தாரா, தானாகவே எழுந்திருப்பாரா? ஒருவரை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. பிழைத்தவர் வந்து பேசுவார். இறந்தவர் வந்து சாட்சி சொல்ல மாட்டார்.

அதனால் இரண்டு கூட்டமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு கூட்டத்துக்கு மருந்து. இன்னொன்றுக்கு அதைப் போலவே ஏற்றும் வெறும் உப்பு நீர். இரண்டுக்கும் மற்றச் சிகிச்சை எல்லாம் ஒன்றுபோல. சரி, யாரை எந்தக் கூட்டத்தில் சேர்ப்பது? மருத்துவர் கையில் விட்டால், பிழைப்பார் என்று தோன்றுகிறவரை மருந்துப் பக்கம் தள்ளிவிடலாம். நம்ம குழுவில் பணம் குறைவாக இருந்து ஐந்து பேர் கடன் கேட்டால் என்ன செய்கிறோம்? சீட்டு எழுதிக் குலுக்கிப் போடுகிறோம். யாருக்கும் வருத்தம் இல்லை, யார் பக்கமும் சாய்வில்லை. ஆராய்ச்சியிலும் அதே குலுக்கல்தான்.

யாருக்கு எது போகிறது என்று நோயாளிக்கும் தெரியக்கூடாது, பார்த்துக்கொள்ளும் மருத்துவருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் மனசு சாயும், கவனிப்பு மாறும். கடைசியில்தான் உறையைப் பிரித்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்த கணக்கு

சுயேபிஜிங் பற்றிச் சீனாவில் சின்னச் சின்ன ஆய்வுகள் நிறைய நடந்தன. பலவற்றில் ஆட்கள் குறைவு, முறையிலும் ஓட்டை. அவற்றை நம்பி உலக மருத்துவர்கள் எதுவும் செய்யவில்லை. பிறகு இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன.

முதலாவது 2019-ல் வெளியானது. கடுமையான நிமோனியா வந்த 710 பேர், 33 மருத்துவமனைகள். நோயின் கடுமை குறைகிறதா என்பதுதான் அதன் முக்கியக் கேள்வி. எட்டாம் நாளில், மருந்து ஏறியவர்களில் நூற்றுக்கு 61 பேருக்கு நல்ல முன்னேற்றம், மற்றவர்களில் 46 பேருக்கு. இறப்பையும் எண்ணினார்கள். 28 நாளுக்குள் மருந்துக் கூட்டத்தில் நூற்றுக்கு 16 பேரும், மற்றக் கூட்டத்தில் 25 பேரும் இறந்திருந்தார்கள்.

இரண்டாவது இன்னும் பெரியது. 2017 அக்டோபர் முதல் 2019 ஜூன் வரை 45 இடங்களில் செப்சிஸ் வந்த 1,817 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஐந்து நாள் மருந்து அல்லது உப்பு நீர். யாருக்கு எது என்று இரண்டு தரப்புக்கும் தெரியாத முறை. முடிவு 2023-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் ஒன்றில் வந்தது. கடைசி வரை கணக்கில் வந்தவர்கள் 1,760 பேர்.

- மருந்து பெற்ற 878 பேரில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 165 (நூற்றுக்கு சுமார் 19).
- உப்பு நீர் பெற்ற 882 பேரில் இறந்தவர்கள் 230 (நூற்றுக்கு சுமார் 26).

அதாவது நூறு பேரில் ஏழு பேர் கூடுதலாக உயிரோடு இருந்தார்கள். பக்கவிளைவுகள் இரண்டு கூட்டத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு. ஏழு பேர் என்பது சின்ன விஷயமா? ஏழு குடும்பம், சகோதரிகளே. செப்சிஸில் இந்த அளவு வித்தியாசம் காட்டிய மருந்துகள் மிகக் குறைவு.

அப்படியென்றால் நிரூபித்தாயிற்றா?

இங்கேதான் நம் பொறுமை வேண்டும். குழுவின் கணக்கை நம் கணக்காளரே எழுதி, நம் குழுவிலேயே சரிபார்த்துக்கொண்டால் போதுமா? வெளியிலிருந்து தணிக்கையாளர் வந்து பார்த்த பிறகுதானே வங்கி நம்புகிறது! அதுபோல, இந்த இரண்டு ஆய்வும் சீனாவுக்குள்ளேயே நடந்தவை. 75 வயதுக்கு மேற்பட்டவர்களை 2023-ல் வந்த ஆய்வில் சேர்க்கவில்லை. வேறு நாடுகளில், வேறு மருத்துவர்கள், வேறு மக்களிடம் இதே மாதிரி சோதித்து இதே விடை வந்தால்தான் உறுதி. ஐந்து மூலிகையில் எந்தப் பொருள் வேலை செய்கிறது என்பதும் தெளிவாக வேண்டும். வீக்கத்தைக் கிளப்பும் பொருள்களையும் ரத்தம் உறைவதையும் குறைக்கிறது என்று விலங்குகளில் நடந்த சோதனைகள் காட்டுகின்றன. அதற்கு மேல் இன்னும் வேலை இருக்கிறது.

"ஒரு பெரிய ஆய்வே போதாதா?" என்று கேட்பீர்கள். போதாது என்பதற்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. 2001-ல் சிக்ரிஸ் என்ற மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இது மூலிகை இல்லை, நவீன மருந்து. 1,690 பேரிடம் சோதித்ததில், நூற்றுக்கு 31 ஆக இருந்த சாவு 25 ஆகக் குறைந்தது. எல்லோரும் கொண்டாடினார்கள். பத்து வருஷம் கழித்து, கிட்டத்தட்ட 1,700 பேரிடம் மறுபடி சோதித்தார்கள். மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 26 பேரும், பெறாதவர்களில் 24 பேரும் இறந்தார்கள். பயனே இல்லை! 2011 அக்டோபரில் தயாரித்த கம்பெனியே அதைச் சந்தையிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டது. இங்கிலீஷ் மருந்தோ மூலிகையோ, எல்லாவற்றுக்கும் தராசு ஒன்றுதான்.

செப்சிஸ் சிகிச்சைக்கு 2021-ல் வந்த சர்வதேச வழிகாட்டியில் சுயேபிஜிங் இல்லை. பெரிய ஆய்வின் முடிவு வந்தது அதற்குப் பிறகுதான். சீனாவில் மட்டும் இதைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். 2020-ல் கொரோனா கடுமையானவர்களுக்கும் இதைக் கொடுக்கச் சீன அரசு அனுமதித்தது.

ஆக, இன்றைய நிலையை ஒரு வரியில் சொன்னால்: நம்பிக்கை தரும் மருந்து, ஆனால் வெளித் தணிக்கை பாக்கி.

தணிக்கையில் தேறிய சீன மூலிகை ஒன்று உண்டு

மூலிகை தேறவே தேறாது என்று நினைத்துவிடாதீர்கள். மலேரியாவுக்கு இன்று உலகமே பயன்படுத்தும் மருந்து சீனச் செடியிலிருந்து வந்ததுதான்.

1967-ல் சீன அரசு மலேரியாவுக்கு மருந்து தேடும் ரகசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதில் சேர்ந்த தூ யூயூ என்ற பெண் விஞ்ஞானி பழைய வைத்திய ஏடுகளைப் புரட்டினார். நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் என்பவர் எழுதிய நூலில், சிங்ஹாவ் என்ற செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. கொதிக்கவைக்கச் சொல்லவில்லை! "சூடு பட்டால் சத்து போய்விடுமோ?" என்று அவருக்குத் தோன்றியது. 1971-ல் குறைந்த சூட்டில் ஆவியாகும் ஈதர் திரவத்தில் சாறு எடுத்தார். எலிகளில் மலேரியா முழுசாகப் போயிற்று. 1972-ல் அவரும் உடன் வேலை செய்தவர்களும் முதலில் தாங்களே அந்த மருந்தைச் சாப்பிட்டுப் பார்த்தார்கள். பிறகுதான் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். அதிலிருந்து வந்ததுதான் ஆர்ட்டிமிசினின். 2015-ல் தூ யூயூவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அதோடு நிற்கவில்லை. ஆர்ட்டிமிசினினை மாற்றி அமைத்த ஆர்ட்டிசுனேட் ஊசியைக் கடுமையான மலேரியாவுக்குச் சோதித்தார்கள். இந்தியா, வங்கதேசம், மியான்மர், இந்தோனேசியா ஆகிய நான்கு நாடுகளில் 1,461 பேர். பழைய கொயினா ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு 22 பேர் இறந்தார்கள். இந்த ஊசி போட்டவர்களில் 15 பேர். இது 2005-ல் வெளியானது. பிறகு ஆப்பிரிக்காவில் 5,425 குழந்தைகளிடம் சோதித்த முடிவு 2010-ல் வந்தது. நூற்றுக்கு சுமார் 11 ஆக இருந்த சாவு எட்டரை ஆகக் குறைந்தது. இரண்டு கண்டம், வேறு வேறு மக்கள், ஒரே விடை. இதுதான் வெளித் தணிக்கை. அதனால்தான் நம் நாட்டு அரசு மருத்துவமனைகளிலும் கடுமையான மலேரியாவுக்கு இந்த ஊசியைப் போடுகிறார்கள்.

அதற்காக அந்தச் செடியைக் கொதிக்கவைத்துக் குடித்தால் மலேரியா போகுமா? போகாது. அதில் மருந்தின் அளவு நிலையாக இருக்காது, போதவும் போதாது. செடியைத் தேநீராகக் குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை.

"மூலிகைதானே, கெடுதல் பண்ணாது"?

இந்தப் பேச்சை மட்டும் விட்டுவிடுங்கள். வேலை செய்யும் எந்த மருந்துக்கும் கெடுதல் செய்யும் சக்தியும் உண்டு.

சீனாவிலேயே இன்னொரு மூலிகை ஊசி இருந்தது. மீன் வாடை அடிக்கும் ஒரு செடியின் சாறு. அது பலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கி, சாவும் நேர்ந்ததால், 2006 ஜூன் மாதம் சீன அரசே அதை நிறுத்திவைத்தது.

1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில் உடம்பு இளைக்க மருந்து சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. நூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். காரணம், ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக வேறொரு சீன மூலிகை மாறிக் கலந்துவிட்டது. அதில் அரிஸ்டலோகிக் அமிலம் என்ற நஞ்சு இருந்தது. நம் ஊர்ப்பக்கம் வளரும் ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி இரண்டும் அதே செடி இனம்தான். அதே நஞ்சு இவற்றிலும் உண்டு. தொடர்ந்து சாப்பிட்டால் சிறுநீரகத்துக்கு ஆபத்து. புற்றுநோய் வரவும் வாய்ப்பு உண்டு. "எங்க பாட்டி காலத்துலேர்ந்து இருக்கு" என்றாலும் நஞ்சு நஞ்சுதான்.

யாராவது மருந்து விற்க வந்தால் கேட்க வேண்டிய கேள்விகள்

1. ஆராய்ச்சி செய்த மருந்தும் நீங்கள் விற்கும் மருந்தும் ஒன்றுதானா? (ஊசியில் சோதித்ததை மாத்திரைக்குச் சொல்லக்கூடாது.)
2. எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? மருந்து கொடுக்காத கூட்டமும் இருந்ததா?
3. சாவு குறைந்ததா, அல்லது ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எண் மட்டும் மாறியதா?
4. வேறு இடத்தில் வேறு ஆட்கள் செய்து பார்த்தும் அதே முடிவு வந்ததா?
5. ஆஸ்பத்திரி மருந்தோடு சேர்த்தா, அதை நிறுத்திவிட்டா? நிறுத்தச் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

இவை இருந்தால் நாட்டு வைத்தியம் வேண்டாம், உடனே 108

செப்சிஸில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. ரத்த அழுத்தம் இறங்கிவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போட வேண்டும் என்பது மருத்துவர்களுக்கு உள்ள வழிகாட்டல். புண்ணோ காய்ச்சலோ இருக்கும்போது கீழே உள்ளவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள்:

- குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், அல்லது உடம்பு ஜில்லென்று ஆவது
- வேக வேகமாக மூச்சு வாங்குவது, நெஞ்சு படபடப்பது
- குழப்பமாகப் பேசுவது, எழுப்பினால் எழாமல் மயங்கிக் கிடப்பது
- நாள் முழுக்கச் சிறுநீர் சரியாகப் போகாதது
- புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, தோல் கறுப்பது, தாங்க முடியாத வலி
- பிரசவமோ கருக்கலைப்போ ஆன பெண்ணுக்குக் காய்ச்சல், அடிவயிற்று வலி, துர்நாற்றத்தோடு போக்கு
- பச்சிளங்குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது

ஆஸ்பத்திரியில் "வீட்டில் என்ன மருந்து கொடுத்தீங்க?" என்று கேட்டால் மறைக்காதீர்கள். கஷாயம், பற்று, மாத்திரை எல்லாவற்றையும் சொல்லுங்கள். திட்டுவார்களே என்று பயந்து மறைத்தால் நஷ்டம் நமக்குத்தான்.

அந்தக் குழு என்ன முடிவு செய்தது?

கூட்டத்தில் அன்றைக்கு நீண்ட நேரம் பேசினோம். கடைசியில் தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள்: கடன் எட்டாயிரம் இல்லை, பத்தாயிரம். ஆனால் மாத்திரைக்கு இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவும், கூட இருப்பவர் செலவுக்கும். இரண்டு உறுப்பினர்கள் அன்று மாலையே துணைக்குப் போனார்கள். போய்ச் சேர்ந்தபோது அவருக்கு நடுக்கம் வந்துவிட்டதாம். அரசு மருத்துவமனையில் பதினாறு நாள். இரண்டு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. கால் தப்பியது, ஆளும் தப்பினார். இப்போது செருப்பில்லாமல் வாசலைக்கூடத் தாண்டுவதில்லை என்று அந்தச் சகோதரி சிரித்துக்கொண்டே சொன்னார்.

மாதத் தவணை ஒழுங்காகக் கட்டிவருகிறார்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேசுங்கள்: நம் குழுவில் மருத்துவ அவசரக் கடன் ஒரே நாளில் கொடுக்க வழி இருக்கிறதா? இரவில் ஆள் தேவைப்பட்டால் யார் துணைக்குப் போவது? மேலே உள்ள ஆபத்து அறிகுறிகளை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத சகோதரிக்கும் இது மனசில் நிற்க வேண்டும்.